தலையில் பட்ட அடியும் கையில் வந்த நடுக்கமும்

(சாலை விபத்துகளைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கிள்ளானைச் சேர்ந்த பிசியோதெரபி சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



சாலை விபத்து என்றதும் நாம் கேட்பது ஒரே கேள்விதான். "ஆள் பிழைத்துக்கொண்டாரா?" பிழைத்துக்கொண்டார் என்று பதில் வந்தால், "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிழைத்தவர் வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து அவருக்கு என்ன ஆனது என்று கேட்பவர் மிகக் குறைவு. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். தலையில் அடிபட்டு, காயம் ஆறி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு கையும் காலும் கழுத்தும் சொன்னபடி கேட்காமல் போவதைப் பற்றி.

இது நான் பாடப் புத்தகத்தில் முதலில் படித்த விஷயம் அல்ல. என் வீட்டில் பார்த்தது.

அண்ணனுக்கு நடந்தது

2003ஆம் ஆண்டு. என் அண்ணனுக்கு அப்போது 29 வயது. கிள்ளான் துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, சாலையில் இருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்துவிட்டார். தலைக்கவசம் போட்டிருந்தார். ஆனால் தாடைக்குக் கீழே வாரை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் தலைக்கவசம் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம்.

ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். பத்தாவது நாள் கண் திறந்து அம்மாவைப் பார்த்தார். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதத்தில் நடந்தார், பேசினார், எங்களோடு சேர்ந்து சிரித்தார். நான்காவது மாதம் அதே கிடங்கில் இலேசான வேலைக்குத் திரும்பினார். நாங்கள் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடனையும் முடித்துவிட்டோம்.

ஐந்தாவது மாதத்தில்தான் அது தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பிறகு வலது கை சும்மா மடியில் கிடக்கும்போதே ஆடத் தொடங்கியது. தேநீர்க் கிளாஸை எடுத்தால் ஆட்டம் கூடும். வாய்க்கு அருகில் கொண்டுவரும்போது இன்னும் கூடும். கிளாஸ் உதட்டைத் தொடுவதற்குள் பாதித் தேநீர் சட்டையில் இருக்கும்.

கிடங்கில் மேற்பார்வையாளர் அண்ணனைக் கூப்பிட்டு, "ஊது பார்க்கலாம்" என்று வாயை முகர்ந்து பார்த்தாராம். விபத்துக்கு முன்பு தீபாவளிக்கு ஒரு பீர் குடித்தது உண்டு. விபத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனாலும் காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று பேச்சு பரவியது. இரண்டு மாதத்தில் வேலை போனது. தாமானில் பிள்ளைகள் அவரைப் பார்த்து நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்க முடியாதே. எங்கே போனாலும் வலது கையைப் பையில் விட்டுக்கொண்டுதான் போவார்.

அம்மா, யாரோ செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். மூன்று இடங்களுக்கு அழைத்துப் போனார். தாயத்து, எலுமிச்சம்பழம், இரவுப் பூசை என்று இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் செலவானது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. தெரிந்த வழியில் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தார். விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்து வந்த நடுக்கத்தை அந்த விபத்தோடு சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காய்ச்சலுக்குப் போன கிளினிக்கில்கூட யாரும் கேட்கவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் அண்ணனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "தலையில் எப்போதாவது அடிபட்டதா?" என்பதுதான். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நடுமூளையில் பழைய காயத்தின் தழும்பு தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் அழுதார். நோய் இருக்கிறது என்று தெரிந்ததற்காக அழவில்லை. "நான் குடிக்கவில்லை என்று இப்போதாவது நம்புவீர்களா?" என்று கேட்டு அழுதார்.

விபத்து நடந்தபோது எஸ்.டி.பி.எம். எழுதத் தயாராகிக்கொண்டிருந்த நான் பின்னர் பிசியோதெரபி படிக்கப் போனதற்குக் காரணம் அந்த இரண்டு வருடங்கள்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மண்டை ஓடு கெட்டியானது. உள்ளே இருக்கும் மூளையோ தவ்ஃபூ போல மென்மையானது. ஓடிக்கொண்டிருக்கும் தலை திடீரென்று எதிலாவது மோதி நின்றால், ஓடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் மூளை நிற்காது. குலுங்கும், சுழலும். அந்தச் சுழற்சியில் மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இவ்வளவும் நடக்கலாம்.

ஒரு தேநீர்க் கிளாஸை எடுப்பது எளிய காரியமாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் மூன்று இடங்கள் ஒத்துழைக்க வேண்டும். மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகள், எந்தத் தசை வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கின்றன. பின்புறம் உள்ள சிறுமூளை, கை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று அளந்து கொடுக்கிறது. நடுமூளை வழியாக இவற்றின் இணைப்புகள் போகின்றன. இந்தப் பாதையில் எங்கே காயம் பட்டாலும் அசைவு கெடும்.

காயத்தின் இடத்தைப் பொறுத்து வடிவம் மாறும். சிலருக்கு நடுக்கம் வரும். சிலருக்குக் கழுத்தோ, கையோ, பாதமோ ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு டிஸ்டோனியா என்று பெயர். சிலருக்கு மின்சாரம் தாக்கியதுபோல் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். சிலருக்குப் பார்க்கின்சன் நோயாளியைப் போல முகத்தில் உணர்ச்சி குறைந்து, நடை சுருங்கி, எல்லாமே மெதுவாகிவிடும்.

அப்படியானால் அடிபட்ட அன்றே வராமல் ஏன் மாதக்கணக்கில் தள்ளி வருகிறது? இழைகள் அறுபட்ட பிறகு மூளை சும்மா இருப்பதில்லை. மிச்சம் இருக்கும் நரம்புகள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. இழந்த பேச்சும் நடையும் திரும்புவது அதனால்தான். ஆனால் சில இணைப்புகள் தவறான இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன, சில இடங்கள் தேவைக்கு மேல் கூர்மையாகிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வீட்டில் அறுந்த மின்கம்பிகளை அவசரத்தில் மாற்றி இணைத்துவிட்டால், விளக்குக்கான சுவிட்சைத் தட்டும்போது மின்விசிறி ஓடுவதில்லையா, அதுபோல. நடுக்கம் வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து வரலாம். முறுக்கு வருடங்கள் கழித்தும் வரலாம்.

எல்லாருக்கும் வருமா?

இதைக் கேட்டுவிட்டு யாரும் பயந்துவிடக் கூடாது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஜோகிம் கிராவுஸ் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், தலையில் கடுமையாக அடிபட்டுப் பிழைத்த 221 பேரைத் தொடர்ந்து கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 100க்கு 22 அல்லது 23 பேருக்கு ஏதாவது ஓர் அசைவுக் கோளாறு வந்திருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தானாகவே மறைந்துவிட்டது. 100க்கு 12 பேருக்கு நிலைத்து நின்றது. அடி இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்த 158 பேரையும் அவர்கள் பார்த்தார்கள். அவர்களில் 100க்கு மூன்று பேருக்கும் குறைவாகத்தான் கோளாறு நிலைத்தது.

ஆகவே அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. ஆனால் மலேசியாவில் விபத்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2016இல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இது இறந்தவர்களின் கணக்கு மட்டும்தான். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் இதில் சேரவில்லை. அவர்களில் 100க்குச் சிலர் என்றாலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தாமானிலும், ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

பார்க்கின்சன் நோயைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் முன்னாள் இராணுவத்தினர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. தலையில் அடிபட்டவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஆறு பேருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வந்தது. அடிபடாதவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அடிபட்டவர்களிலும் ஆயிரத்துக்கு 990க்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டுகளில் நோய் வரவில்லை என்பதும் உண்மை.

மெர்டேக்கா அரங்கில் நின்றவர்

என் வயதை விட மூத்தவர்களுக்கு ஒரு நாள் நினைவிருக்கும். 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். நம் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். 15 சுற்றும் நடந்தது. அலி வென்றார். அடுத்த மூன்றே மாதத்தில், அக்டோபர் முதல் நாள், மணிலாவில் ஜோ பிரேசியரோடு 14 சுற்று. இரண்டு பேரும் வாங்கிய அடிகள் கொஞ்சநஞ்சம் அல்ல.

கோலாலம்பூரில் அவ்வளவு வேகமாகக் கால் மாற்றி ஆடிய மனிதருக்கு ஒன்பது வருடம் கழித்து, 1984இல், 42 வயதில் பார்க்கின்சன் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. ஒரு கையில் தீபம், மறு கையில் ஓயாத நடுக்கம். 2016இல் 74 வயதில் காலமானார்.

அலிக்கு வந்தது குத்துச்சண்டையால் வந்ததா, எப்படியும் வரவிருந்த பார்க்கின்சன்தானா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் தலையில் திரும்பத் திரும்பக் குத்து வாங்கும் வீரர்களுக்கு நடை தள்ளாடி, பேச்சு குழறி, கை நடுங்குகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அந்த வீரர்களை அங்கிருந்த மக்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? குத்து வாங்கிப் போதையேறியவர்கள் என்று. அங்கேயும் குடிகாரர் என்ற அதே பேச்சுத்தான்.

அட்லாண்டாவில் அலியின் கை நடுங்கியபோது உலகம் எழுந்து நின்று கைதட்டியது. அதே மாதிரிக் கை, கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடுங்கியபோது, "இந்த ஆளுக்கு வெளியில் மேசை போடு" என்றார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

உடனே சரி செய்யக்கூடியவையும் உண்டு

தலையில் அடிபட்டவருக்கு வரும் எல்லா அசைவுக் கோளாறும் நிரந்தரம் அல்ல. சிலவற்றை விரைவாகக் கண்டுபிடித்தால் முழுவதும் மாற்ற முடியும். அதனால்தான் தாமதிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலாவது, வயதானவர்கள். தாத்தாவோ பாட்டியோ குளியலறையில் வழுக்கித் தலையை இலேசாக இடித்துக்கொள்கிறார். வீக்கம் வற்றிவிடுகிறது. எல்லாரும் மறந்துவிடுகிறோம். மூன்று நான்கு வாரம் கழித்து நடை மெதுவாகிறது, கால் இழுக்கிறது, பகலில் தூங்கி வழிகிறார், பேச்சு மாறுகிறது. "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். உள்ளே மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் சிறுகச் சிறுக இரத்தம் சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கலாம். பார்ப்பதற்குப் பார்க்கின்சன் போலவே இருக்கும். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். மண்டையில் சிறு துளை போட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றினால், படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இப்படி மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, மருந்துகள். அடிபட்ட பிறகு சிலர் அமைதியில்லாமல் கத்துவார்கள், அடிக்க வருவார்கள். அதை அடக்க ஹாலோபெரிடோல் போன்ற மருந்து கொடுக்கப்படுவதுண்டு. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் கொடுப்பதுண்டு. இவை தேவையான மருந்துகள்தான். ஆனால் சிலருக்கு இவற்றாலேயே உடல் விறைக்கும், கை நடுங்கும், கழுத்து முறுக்கும். மருத்துவர் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் குறையும். ஆகவே எந்த மருந்தை எப்போது தொடங்கினீர்கள் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து.

நிலைத்துவிட்ட நடுக்கத்துக்கும் முறுக்குக்கும் இன்று சிகிச்சை உண்டு. மாத்திரைகள் இருக்கின்றன. முறுக்கிய தசையைத் தளர்த்த போட்டுலினம் ஊசி இருக்கிறது. எதற்கும் அடங்காதவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மூளையின் ஆழத்தில் மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் பலிக்காது. அண்ணனுக்கு லெவோடோபா மாத்திரையில் நடுக்கம் பாதிக்குக் குறைந்தது. இன்னொரு மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர கையை நிறுத்தவில்லை. அதை மருத்துவரே நிறுத்திவிட்டார். பாதி குறைந்ததே எங்களுக்குப் பெரிது. இப்போது அவரே பொத்தான் போட்டுக்கொள்கிறார்.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது?

கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் நரம்பியல் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். போகும்போது மூன்று பொருள்களை எடுத்துப் போங்கள்.

ஒன்று, விபத்தின் ஆவணங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள், ஸ்கேன் அறிக்கை, போலீஸ் புகார். பத்து வருடம் ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு, கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ. கை சும்மா இருக்கும்போது, கிளாஸை எடுக்கும்போது, எழுதும்போது, நடக்கும்போது என்று தனித்தனியாக எடுங்கள். மருத்துவரின் அறையில் ஆடாத கை வீட்டில் ஆடும், வீட்டில் ஆடாதது அங்கே ஆடும். மூன்று, மருந்துப் பட்டியல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது குறைவாகவும், நாலு பேர் பார்க்கும்போது அதிகமாகவும் ஆடுவது நடுக்கத்தின் இயல்பு. பதற்றம் அதைக் கூட்டும். தூக்கத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். இதைப் பார்த்துவிட்டு, "ஆள் வந்தால்தான் ஆடுகிறது, நடிக்கிறார்" என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். விபத்தின் அதிர்ச்சியில், ஸ்கேனில் காயம் தெரியாமலே வரும் நடுக்கமும் உண்டு. அதுவும் நடிப்பு அல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

என் தொழில் சம்பந்தப்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். செலவில்லாதவை.

சாப்பிடும்போது இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆடும் தூரம் குறையும். கரண்டியின் பிடியில் துணி சுற்றிக் கனமாக்குங்கள். கிளாஸைப் பாதிதான் நிரப்புங்கள், அல்லது மூடியும் உறிஞ்சு குழாயும் உள்ள குவளை கொடுங்கள். சட்டைப் பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை தைத்துவிடுங்கள். கழுத்து முறுக்கும் சிலருக்குத் தாடையில் ஒரு விரலை இலேசாக வைத்தால் கழுத்து நேராகும். அது மூளையைச் சமாதானப்படுத்தும் ஒரு தந்திரம். யார் கற்றுக்கொடுக்காமலும் நோயாளிகள் தாங்களாகவே அதைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

நடை சுருங்கியவர்களுக்குத் தாளம் உதவும். ஒரே சீரான தாளத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால் காலடி நீளும். வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொள்கிறது என்றால் தரையில் ஓர் அடிக்கு ஒரு கோடாக வண்ண நாடா ஒட்டுங்கள், அதைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பி, கோயில் திருவிழாவில் உறுமி அடித்தவர். விபத்துக்குப் பிறகு நடை கெட்டிருந்தது. இயந்திரத்தின் டிக் டிக் சத்தத்துக்கு அவர் கால் நகரவில்லை. தொடையைத் தட்டி அவரே ஒரு தாளம் போட்டார். அந்தத் தாளத்துக்குக் கூடத்தின் கடைசி வரை நடந்துவிட்டார்.

உரிமையை விட்டுவிடாதீர்கள்

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தை, சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வேலை விபத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதற்கான சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சொந்தமாக வேலை செய்வோருக்கு 2017இல் தனிச் சட்டம் வந்தது. சாப்பாடும் பொட்டலமும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. பதிந்திருக்கிறார்களா என்று இன்றிரவே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு என்ன? மருத்துவமனையில் இருந்த நாள்களுக்கான பணம் வந்தது, அதோடு கோப்பை மூடிவிட்டோம். பிறகு வந்த நடுக்கம் அதே விபத்தின் தொடர்ச்சி என்று எழுதிக் கொடுக்க எங்களிடம் தாளும் இல்லை, தெளிவும் இல்லை. அண்ணன் குடிகாரர் என்ற பெயரோடு வேலையை இழந்தார். நடுக்கம் தொடங்கியவுடன் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளி அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவர் சான்று வேண்டும். அந்த அட்டை வாங்குவதை அவமானமாக நினைக்காதீர்கள்.

வாரை மாட்டுங்கள்

தலைக்கவசம் கட்டாயம் என்று நம் நாட்டில் 1973இல் விதி வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிந்தால், தலைக் காயம் ஏறக்குறைய 69 விழுக்காடும் இறப்பு 42 விழுக்காடும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அறிக்கை 2008இல் கூறியது. ஆனால் அது தலையில் இருந்தால்தானே? வாரை மாட்டாத தலைக்கவசம், விழும்போது தலைக்கு முன்னால் பறந்துவிடும். என் அண்ணனுக்குப் பறந்தது போல.

காலையில் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அப்பா தலைக்கவசம் போட்டிருப்பார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இரண்டும் வெறுந்தலை. "பக்கத்தில்தானே" என்பார்கள். விபத்துக்குப் பக்கம் தூரம் தெரியாது. சிரிம் முத்திரை உள்ள, பிள்ளையின் தலைக்குப் பொருந்துகிற தலைக்கவசத்தை வாங்குங்கள். என் அண்ணனுக்குச் செய்த பூசைச் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு.

முடிவாக ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் போனவர்களுக்குத் தெரியும். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைத் துன் சம்பந்தன் சாலையில் தினமும் பார்க்கலாம். கடைக்காரர் வழி விடுகிறார், பள்ளிப் பிள்ளை கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க உதவுகிறது. யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்தக் கோல் எதைச் சொல்கிறது என்று அந்த வட்டாரம் பழகிக்கொண்டுவிட்டது. நடுங்கும் கையில் அப்படி ஒரு கோல் இல்லை. நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் இப்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் உறவினர் கடையில் கணக்குப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடையில் அவர் எதுவும் சொல்வதில்லை. கடைத் தம்பி அரைக் கிளாஸ் தேநீர் கொண்டுவந்து வைப்பார். குடித்து முடித்ததும் மீதி அரைக் கிளாஸைக் கொண்டுவருவார். ஒரு கிளாஸுக்குத்தான் காசு வாங்குவார். அந்தத் தம்பி மருத்துவம் படித்தவர் அல்ல. ஒருநாள், "அண்ணே, கையில் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார். அவ்வளவுதான்.

நேயர்களே, அடுத்த முறை ஒருவருடைய கை நடுங்குவதைப் பார்த்தால் வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். என்ன ஆச்சு என்று கேளுங்கள்.